வரிசையில் நின்றவர்கள்



2008 நவம்பர் 5-ம் தேதி காலை அமெரிக்காவின் பெரிய நகரங்களில் செய்தித்தாள் கிடைக்கவில்லை. 'நியூயார்க் டைம்ஸ்', 'வாஷிங்டன் போஸ்ட்', 'சிகாகோ ட்ரிப்யூன்' எல்லாமே விடிந்த கொஞ்ச நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிட்டன. கடைக்காரர்கள் கையை விரித்ததும் ஜனங்கள் பத்திரிகை அலுவலக வாசலுக்கே போய் வரிசை கட்டி நின்றார்கள். வேலை முடிந்து ஓய்ந்திருந்த அச்சு இயந்திரங்களை மறுபடி ஓட்டிக் கூடுதல் பிரதிகள் அடிக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தப் படங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. செய்தித்தாள் வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகை முதலாளிகள் சில வருடங்களாகவே புலம்பி வருகிறார்கள். பல இடங்களில் ஆட்குறைப்பும் நடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், முந்தைய இரவே தொலைக்காட்சியில் விடிய விடியப் பார்த்து, இணையத்தில் படித்து, புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லாத ஒரு தாளுக்காக ஜனம் குளிரில் காத்து நிற்கிறது. ஒருவர் ஐந்து பிரதி கேட்கிறார், இன்னொருவர் பத்து கேட்கிறார். அம்மாவுக்கு ஒன்று, ஊரில் இருக்கும் தம்பிக்கு ஒன்று, இன்னும் பேசத் தெரியாத பிள்ளைக்கு ஒன்று. தேதி போட்டு, பெரிய எழுத்தில், நடந்தது நிஜம்தான் என்று சொல்கிற ஏதோ ஒன்று அவர்களுக்குக் கையில் வேண்டியிருந்தது.

பராக் ஒபாமா அமெரிக்காவின் 44-வது அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதைப் பற்றி இந்த இதழில் விரிவான கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவருடைய பொருளாதாரக் கொள்கை என்ன, ஈராக் போரை என்ன செய்யப் போகிறார், நம் ஊர் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு லாபமா நஷ்டமா என்பதையெல்லாம் உள்ளே படித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை நான் அந்த வரிசையில் நின்றவர்களுக்காக ஒதுக்கிக்கொள்கிறேன்.

முடிவு வந்தபோது நமக்குப் புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. சிகாகோவில் செவ்வாய் இரவு பத்து. கலிஃபோர்னியா முதலான மேற்குக் கரை மாநிலங்களில் ஓட்டுப்பதிவு முடிந்ததும் தொலைக்காட்சிகள் அறிவித்துவிட்டன. சிகாகோவின் கிராண்ட் பார்க்கில் 2,40,000 பேர் கூடியிருந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அது சும்மா ஒரு பூங்கா இல்லை. 1968-ல் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது வியட்நாம் போரை எதிர்த்து வந்த இளைஞர்களைப் போலீஸ் துரத்தித் துரத்தி அடித்த இடம். நாற்பது வருடம் கழித்து அதே புல்வெளியில் கறுப்பரும் வெள்ளையரும் முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஜெஸ்ஸி ஜாக்சனின் முகத்தைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு சின்னக் கொடி. விரலை உதட்டில் அழுத்திக்கொண்டு நிற்கிறார், கன்னமெல்லாம் கண்ணீர். 1968 ஏப்ரலில் மெம்பிஸ் நகர விடுதியில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டபோது அங்கே இருந்தவர் அவர். 1984-லும் 1988-லும் அதிபர் வேட்பாளராகத் தம் கட்சிக்குள்ளேயே போட்டியிட்டுத் தோற்றவர். அன்று இரவு அவர் மேடையில் இல்லை. கூட்டத்தில் ஒருவராக நின்றிருந்தார்.

வாஷிங்டனில் யூ ஸ்ட்ரீட் பகுதியில் விடியும்வரை ஆட்டமும் பாட்டும். கிங் கொல்லப்பட்ட இரவில் கலவரத் தீ மூண்டது அந்தத் தெருக்களில்தான். எரிந்த கடைகள் பல வருடங்கள் அப்படியே பாழாய்க் கிடந்தன. அங்கிருந்தும் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் இளைஞர்கள் நடந்தே வெள்ளை மாளிகை வாசலுக்குப் போய்க் கூடினார்கள். யாரும் அழைக்கவில்லை, யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அந்த மாளிகையைக் கட்டியவர்களில் அடிமைகளும் உண்டு என்பது அங்கே கூடிய மாணவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நம் அலுவலகத்தில் காலை டீ ஆறிப்போனதைக் கவனிக்காமல் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் நின்றிருந்தோம். பக்கம் முடிக்க வேண்டிய நாள். ஆனாலும் யாரையும் போய் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை படங்களைப் பார்த்தும், எனக்கு மனசில் நின்றது வேறொன்று. அட்லாண்டா பக்கத்தில் குடியிருக்கும் நம் வாசகி ஒருவர் தேர்தலுக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். அவருக்கு அங்கே ஓட்டு இல்லை, குடியுரிமை வாங்கவில்லை. கூட வேலை பார்க்கிற ஒரு அம்மாவுக்குக் கார் இல்லாததால், முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி இருந்த இடத்துக்கு அவரைத் தன் காரில் அழைத்துப் போயிருக்கிறார். போய்ப் பார்த்தால் கட்டடத்தைச் சுற்றி வளைந்து, வண்டி நிறுத்துமிடத்தையும் தாண்டி, சாலை ஓரம்வரை வரிசை. மடக்கு நாற்காலி கொண்டுவந்தவர்கள், குடை பிடித்தவர்கள், இரவு வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்துவிட்ட நர்ஸ்கள், தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைகள். யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டில்களைத் தள்ளுவண்டியில் வைத்து வரிசை நெடுகக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம்.

அந்த வரிசையில் கைத்தடியோடு ஒரு கறுப்பினப் பாட்டி. வயதானவர்கள் முன்னால் போய்விடலாம் என்று ஊழியர் ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். பாட்டி மறுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் வந்து சொன்னார். அப்போதும் மறுத்துவிட்டார். யாரோ கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, வரிசை நகர நகரத் தாமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தம் முறை வரும்வரை இருந்து ஓட்டுப் போட்டிருக்கிறார். ஏன் அப்படிச் செய்தார் என்று தனக்குப் புரியவில்லை என வாசகி எழுதியிருந்தார். எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. அதை உங்களோடும் பகிர்ந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நம் ஊரில் தேர்தல் நாள் என்றால் விடுமுறை. வாக்காளர் பட்டியல் தயாரிக்க அரசு ஊழியர்கள் வீடு தேடி வருவார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. அதிபர் தேர்தல் நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமையில்தான் நடக்கும். 1845-லிருந்து அதுதான் சட்டம். நாடு முழுவதற்குமான விடுமுறை கிடையாது. மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் ஓட்டுப் போடப் போனால் பல இடங்களில் அந்த நேரத்துக் கூலி போய்விடும். பட்டியலில் பெயரைச் சேர்ப்பது 2008-ல் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் அவரவர் பொறுப்பாக இருந்தது. இந்த வேலையில்தான் போன நூற்றாண்டின் பெரும்பகுதி கறுப்பின மக்களை வடிகட்டி வெளியே நிறுத்தினார்கள்.

சட்டப்படி அவர்களில் ஆண்களுக்கு 1870-லேயே வாக்குரிமை வந்துவிட்டது. காகிதத்தில் வந்த உரிமை தென் மாநிலங்களில் பதிவு அலுவலகத்தின் மேஜைவரை வரவில்லை. பெயர் பதிய வரி கட்டு என்றார்கள். எழுத்தறிவுச் சோதனை என்று சொல்லி, மாநில அரசியல் சட்டத்தில் சட்ட வல்லுநர்களே தடுமாறும் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் கேட்டார்கள். விளக்கினாலும், சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளைக்கார அதிகாரி. ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை நுரைக் குமிழி இருக்கும் என்றுகூடச் சில இடங்களில் கேட்டிருக்கிறார்கள். படித்த ஆசிரியர்களும் பாதிரியார்களும் அந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து திரும்பிப் போனார்கள்.

ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணியின் கதை நம் வாசகர்களுக்கு அவசியம் தெரிய வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்திப் பண்ணையில் பதினெட்டு வருடம் உழைத்தவர். தனக்கு ஓட்டுரிமை இருக்கிறது என்பதே நாற்பது வயது தாண்டி, ஒரு சர்ச் கூட்டத்தில்தான் அவருக்குத் தெரிய வந்தது. 1962 ஆகஸ்ட் 31 அன்று, இன்னும் சிலரோடு பஸ்ஸில் ஏறிப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அந்தச் சோதனையில் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் வீடு திரும்புவதற்குள் செய்தி பண்ணை முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. மனுவைத் திரும்ப வாங்கு, இல்லாவிட்டால் வெளியே போ என்றார் முதலாளி. அன்று இரவே ஹேமர் வெளியே போனார். ஆனாலும் பதிவு அலுவலகத்துக்கு மறுபடி போனார், சோதனை எழுதினார், பதிவு செய்தார். 1963-ல் வேறொரு ஊரில் அவரைக் கைது செய்து, சிறைக்குள் வைத்து அடித்தார்கள். அந்த அடியின் பாதிப்பு கடைசிவரை அவர் உடம்பைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் அவர் ஓயவில்லை. 1964-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் நாடே கேட்கும்படி சொன்னார். 1977-ல் காலமானார். அந்த அம்மா இன்னும் ஒரு முப்பது வருடம் இருந்திருக்கக் கூடாதா என்று அன்று காலை எனக்குத் தோன்றியது.

அதே 1964 கோடையில், கறுப்பின மக்களின் பெயர்களைப் பதிய உதவி செய்ய வந்த மூன்று இளைஞர்களை மிசிசிப்பியில் கொன்று புதைத்தார்கள். ஒருவர் உள்ளூர்க் கறுப்பினத்தவர்; மற்ற இருவரும் நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையர்கள். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில் ஏறத்தாழ 600 பேர் ஊர்வலமாக வந்தபோது தடியடியும் கண்ணீர்ப்புகையும் அவர்களை எதிர்கொண்டன. முன்வரிசையில் வந்த ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. வயது இருபத்தைந்து. அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கொதித்த நாடுதான் ஐந்தே மாதத்தில் வாக்குரிமைச் சட்டத்தைப் பெற்றது. அதற்கு முன் மிசிசிப்பியில் ஓட்டுப் போடும் வயதுள்ள கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை. சட்டம் வந்த இரண்டே வருடத்தில் அது ஐம்பதைத் தாண்டியது. மண்டை உடைந்த ஜான் லூயிஸ் 1987-ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். தேர்தல் இரவில் அவர் அட்லாண்டாவில், கிங் பிரசங்கம் செய்த எபனேசர் சர்ச்சில் மக்களோடு இருந்தார்.

கைத்தடியோடு வந்த அந்தப் பாட்டி இந்தக் காலத்தையெல்லாம் தாண்டி வந்தவராக இருக்க வேண்டும். அவருடைய அப்பாவும் அம்மாவும் எந்த மேஜையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்களோ! மற்ற எல்லோரையும் போல வரிசையில் நின்று, மற்ற எல்லோரையும் போல ஓட்டுப் போட்டு வருவதற்காக ஒரு தலைமுறையே அடிபட்டிருக்கிறது. அந்த வரிசையைத் தாண்டிச் சலுகையில் முன்னால் போக அவருக்கு மனசு வருமா?

ஒபாமாவும் இதை அறிந்தே இருக்கிறார். வெற்றி உரையில் தம்மைப் பற்றிப் பேசியதைவிட அதிக நேரம், அட்லாண்டாவில் ஓட்டுப் போட்ட ஆன் நிக்சன் கூப்பர் என்ற 106 வயது மூதாட்டியைப் பற்றிப் பேசினார். 1902-ல் பிறந்தவர். பெண் என்பதாலும் கறுப்பர் என்பதாலும் இரண்டு விதத்தில் ஓட்டு மறுக்கப்பட்ட காலம் அது. அவர் கண்டு வந்த நூறு வருடத்தை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னபோது, ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் கூடிய மைதானம் கவனமாகக் கேட்டது. ஜெயித்த இரவில் ஒரு தலைவர் இப்படிப் பேசுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டுப் போட்டவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான். அவர்கள் ஏறக்குறைய மொத்தமாக ஒபாமாவுக்குப் போட்டார்கள் என்றாலும் அதை வைத்து மட்டும் யாரும் அதிபராக முடியாது. வெள்ளையரில் பெரும்பான்மையோர் அவருக்குப் போடவில்லை என்பதும் உண்மை. ஆனால் போட்டவர்களும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகச் சண்டையிட்ட மாநிலங்களின் தலைநகரமாக இருந்தது வர்ஜீனியாவின் ரிச்மண்ட். அந்த வர்ஜீனியா 1964-க்குப் பிறகு முதல் தடவையாக ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருக்கிறது, அதுவும் இப்படி ஒரு வேட்பாளருக்கு. 1961-ல் ஹவாயில் ஒபாமா பிறந்தபோது, அவருடைய அப்பா அம்மாவைப் போலக் கறுப்பரும் வெள்ளையரும் திருமணம் செய்துகொள்வது இதே வர்ஜீனியாவில் குற்றம். 1967-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது.

அவரை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டி மேடலின் டன்ஹம், பேரன் ஜெயிப்பதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தேர்தலுக்குச் சற்று முன்பு ஹோனலூலுவில் இறந்துபோனார். தபாலில் அனுப்பிவிட்ட அவருடைய ஓட்டை ஹவாய் மாநிலம் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டது. அவர் இறந்த மறுநாள் வட கரோலினாவில் கடைசிக் கட்டப் பிரசாரக் கூட்டத்தில் பாட்டியைப் பற்றிப் பேசும்போது ஒபாமாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

தோற்றவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மகிழ்ச்சியைப் பற்றி முழுதாகச் சொன்னதாகாது. ஜான் மெக்கெய்ன் அரிசோனாவில் தம் ஆதரவாளர்கள் முன் நின்று தோல்வியை ஒப்புக்கொண்ட பேச்சை முடிந்தால் தேடிப் பாருங்கள். ஒபாமாவின் பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. கையை உயர்த்தி அடக்கினார். 1901-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், புக்கர் வாஷிங்டன் என்ற கறுப்பினக் கல்வியாளரை வெள்ளை மாளிகைக்கு விருந்துக்கு அழைத்ததற்கே நாடு எப்படிக் கொந்தளித்தது என்பதை நினைவூட்டி, இன்று அந்த நாடு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள் என்று தம் கட்சிக்காரர்களிடமே சொன்னார். பாட்டியின் மறைவுக்கு வருத்தம் தெரிவித்தார். ஜெயித்தவரைத் தம் அதிபர் என்றார். தோற்ற இரவில் இதைச் சொல்ல நெஞ்சில் நேர்மை வேண்டும். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அந்தப் பேச்சை எல்லோரையும்விட ஆழமாகக் கேட்டிருக்கக் கூடியவர்கள் கென்யா மக்கள்தான். ஒபாமாவின் அப்பா ஊரான கொகேலோ கிராமத்தில் பெண்கள் ஆடிப் பாடியதையும், அப்பா வழியில் பாட்டி முறையான சாரா ஒபாமாவின் வீட்டைச் சுற்றி ஊரே திரண்டதையும் பார்த்திருப்பீர்கள். நவம்பர் 6 அன்று நாடு முழுவதற்கும் விடுமுறை விட்டார் அதிபர் கிபாக்கி. பிறந்த பிள்ளைகளுக்கு பராக் என்றும் மிஷெல் என்றும் பெயர் வைத்தார்கள். அதே கென்யாவில் 2008 பிறந்தபோது நிலைமை என்ன? 2007 டிசம்பரில் நடந்த அதிபர் தேர்தலின் முடிவை ஒரு தரப்பு ஏற்கவில்லை; இனம் இனமாக வெட்டிக்கொண்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். ஒபாமாவின் அப்பா லுவோ இனத்தவர். லுவோ ஒருவர் கென்யாவில் அதிபர் ஆவதற்கு முன் அமெரிக்காவில் ஆகிவிடுவார் என்று அங்கே ஒரு பேச்சே உண்டு, அது பலித்துவிட்டது. இன்னும் காயம் ஆறாத அந்த ஊரில் ஜனங்கள் தெருவில் இறங்கிக் கூத்தாடியதை வெறும் சொந்தக்காரப் பெருமை என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தேர்தலில் தோற்றவன் எழுந்து நின்று வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியும் என்பதையும் அவர்கள் அன்று பார்த்தார்கள்.

சரி, இந்த நம்பிக்கை தாங்குமா? நம் வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்விதான் அதிகம். நியாயமான கேள்வி. செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானதிலிருந்து அங்கே தினம் ஒரு கெட்ட செய்தி. கடன் கட்ட முடியாமல் வீடுகள் பறிபோயின. தேர்தல் முடிந்த அதே வாரம் வந்த கணக்கின்படி அக்டோபரில் மட்டும் 2,40,000 பேர் வேலை இழந்திருக்கிறார்கள். கிராண்ட் பார்க்கில் கூடியவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. இரண்டு போர்கள் நடந்துகொண்டிருந்தன. நம் பிள்ளைகள் அங்கே வேலையில் இருக்கிறார்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகளிலும் கலக்கம் தெரிந்தது. ஒபாமா சில விஷயங்களில் ஏமாற்றியிருக்கவும் கூடும். எந்த ஆட்சி ஏமாற்றவில்லை?

ஆனால் அந்தச் சந்தோஷத்தைக் கண்மூடித்தனம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். வரிசையில் நாலு மணி நேரம் நின்றவர்கள் குழந்தைகள் இல்லை. வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி என்று அவர்களுக்குத் தெரியும். மறுநாள் காலை அதே வேலைக்கு, அதே சம்பளத்துக்குப் போக வேண்டும் என்றும் தெரியும். தங்கள் பிள்ளையைப் பார்த்து, நீயும் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று பொய் சொல்லாமல் சொல்ல முடிகிறது என்பதற்காக அழுதார்கள். அது அன்று இரவே கையில் கிடைத்துவிட்ட ஒன்று. அதன் பிறகு ஆட்சி எப்படிப் போனாலும் அதை யாரும் அவர்களிடமிருந்து திருப்பி வாங்க முடியாது.

அந்த விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஓர் உறவு இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் மனைவியோடு இந்தியா வந்தார். கன்னியாகுமரிக் கடற்கரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சூரியன் இறங்குவதையும் மறு பக்கம் நிலா எழுவதையும் பார்த்ததைப் பிற்பாடு தம் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பயணத்தில்தான் திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்குப் போனார். தலைமை ஆசிரியர் பிள்ளைகளிடம் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்துவைத்தார். கிங் முதலில் அதிர்ந்துபோனார், கோபம்கூட வந்தது. பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், என் நாட்டில் நானும் என் மக்களும் அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறோம் என்று உணர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி வரத்தான் செய்யும். 1997-ல் மேலவளவு ஊராட்சித் தலைவராக இருந்த முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும், பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது வழிமறித்து வெட்டினார்கள். தலித் ஒருவர் தலைவராகிவிட்டார் என்பதுதான் காரணம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் பத்து வருடம் ஒழுங்காகத் தேர்தலே நடத்த முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. கிராண்ட் பார்க் கொண்டாட்டத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் அந்த நாலு ஊர்களுக்காகவும் ஒரு நிமிடம் மகிழ்ந்திருக்க வேண்டும். அப்போது நம் பத்திரிகைகள் எல்லாம் அதற்குப் போதிய இடம் கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.  

பெருமைப்பட ஒன்றும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இருபது பேர்கூட இல்லாத நாட்டில், எந்தச் சோதனையும் வைக்காமல், எல்லோருக்கும் ஒரே நாளில் ஓட்டுக் கொடுத்தோம். 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய ஒரு தனிப் பெட்டி; பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். தன் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று மட்டும் சொன்னதால் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் அந்தத் தேர்தலில்தான். அதன் பிறகு பெண்கள் தங்கள் பெயரைச் சொன்னார்கள், ஓட்டுப் போட்டார்கள்.

அந்த முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் இப்போது தள்ளாத வயதில் இருப்பார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு தாத்தா, பாட்டி, பெரியப்பா, அப்பத்தா இருந்தால் இந்த வாரம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஊர், எந்தச் சாவடி, எப்படிப் போனார்கள், மாட்டு வண்டியிலா நடந்தா, யாராவது போகக் கூடாது என்று தடுத்தார்களா, எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்களா, அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். கையெழுத்து மோசமாக இருந்தால் பரவாயில்லை, நாங்கள் படித்துக்கொள்வோம். பழைய புகைப்படம் இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். அசலை அனுப்பி வைக்காதீர்கள். குடியரசு தின இதழில் எத்தனை பக்கம் முடியுமோ அத்தனை பக்கம் அவர்களுக்குத்தான்.

கூடவே ஒரு வேலை.  18 வயது நிறைந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6-ஐ வாங்கிப் பூர்த்தி செய்து கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்